வளைகுடாவில் எலக்ரீசியன் வேலை பழக்குபவர் யார்?

கடந்த மாதம் கிளிநொச்சியில் இருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்தது. ஒன்றுவிட்ட அக்காவின் மகன். பத்தொன்பது வயது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்து, பல்கலைக்கழகம் போகும் அளவுக்குப் பெறுபேறு வராதவன்.

“மாமா, டுபாயிலை எலக்ரீசியன் வேலை ஒண்டு வந்திருக்கு. வேலை தெரியாட்டியும் பரவாயில்லையாம். முதல் மூண்டு மாசம் கொம்பனியே பழக்குமாம், பிறகு எலக்ரீசியனாப் போடுவினமாம். ஏஜென்சிக்காரர் ஆறு இலட்சம் கேக்கினம். நீங்கள் ஒரு மூண்டு தந்தால் மிச்சத்துக்கு அம்மா நகையை வைக்கிறன் எண்டவ.”

இந்தப் பக்கத்தைப் படிக்கும் பலருக்கு இதுபோன்ற ஒரு அழைப்பு வந்திருக்கும். சூரிச், ரொறன்ரோ, லண்டன் என்று எங்கே இருந்தாலும் வரும். 2022இல் நாடு வங்குரோத்தான பின் ஊரில் எஞ்சியிருந்த இளைஞர்களின் கண் முழுவதும் வெளிநாட்டின் மேல்தான். அந்த ஒரு வருடத்தில் மட்டும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவர்கள் மூன்று இலட்சத்துக்கும் மேல். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் போனது வளைகுடாவுக்கு. 2024இல் வெளிநாட்டு ஊழியர்கள் அனுப்பிய பணம் 650 கோடி டொலரைத் தாண்டியது. அரசாங்கத்துக்கு அது மகிழ்ச்சியான எண். எனக்கோ அந்தப் பையனின் குரலில் இருந்த ஒரு சொல்தான் உறுத்தியது: “பழக்குமாம்.”

வேலை தெரியாத ஒருவனை வளைகுடாவுக்கு விமானமேற்றி, சாப்பாடும் படுக்கையும் கொடுத்து, மின்தொழிலைப் பழக்கி எடுக்கிற கம்பனி அங்கே இருக்கிறதா? மூன்று இலட்சம் அனுப்புவதா இல்லையா என்று முடிவெடுக்க எனக்கு முதலில் இதற்கு விடை தெரியவேண்டி இருந்தது.

பாதி விடை எனக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். ஐரோப்பாவுக்கு வருமுன், எண்பதுகளின் நடுவில், ஒன்றரை வருடம் அபுதாபியில் ஒரு மின் ஒப்பந்தக் கம்பனியில் ஹெல்பராக இருந்தேன். எனக்கும் “பழக்குவோம்” என்றுதான் சொன்னார்கள். பழகியது என்ன? கேபிள் சுற்றிய பெரிய மர உருளையை உருட்டுவது, சுவர் வெட்டுவது, குழாய்க்குள் கம்பி விட்டு வயர் இழுப்பது, மாடிக்கு மாடி சாமான் காவுவது. டிபி பெட்டியைத் திறந்து உள்ளே கை வைக்கவிட்டது கடைசி நாலு மாதத்தில்தான். அதுவும் மலையாளி போர்மன் ஒருவருக்கு என்னைப் பிடித்துப்போனதால். அவர் மனிசன் நல்லவர். இரவில் காம்பில் இருந்து சிகரெட் பெட்டி அட்டையில் படம் கீறிக் காட்டுவார், எது லைவ், எது நியூட்ரல், எது எர்த் என்று. கம்பனி எனக்கு எதையும் பழக்கவில்லை. பழக்கியது அவர். நான் வெளிக்கிட்டபோது கையில் இருந்த கடதாசியில் ‘ஹெல்பர்’ என்றே இருந்தது.

நாற்பது வருடத்தில் என்ன மாறியது என்று விசாரித்தேன். கட்டடங்கள் உயர்ந்துள்ளன, சட்டங்கள் திருந்தியுள்ளன, சம்பளம் வங்கி வழியாகப் போகிறது. இந்த ஒரு விடயம் மட்டும் பெரிதாக மாறவில்லை.

சொல்லப்போனால் டுபாயில் மின்தொழில் பழக்குகிற முதலாளி ஒருவர் இருக்கிறார், அதுவும் மிகப் பெரியவர். டுபாய் மின்சார நீர் வழங்கல் அதிகாரசபை 2013இல் ஒரு பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியது. பிரித்தானிய பிடெக் பாடத்திட்டம், பட்டறை, படிக்கும்போதே உதவிப்பணம், முடித்தபின் அதே நிறுவனத்தில் வேலை. ஒரு பயிலுநருக்கு வேண்டியதெல்லாம் அங்கே உண்டு. ஆனால் அது எமிராட்டி மாணவர்களுக்கு மட்டும். சவூதியிலும் இதே கதைதான். ஐம்பது பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, தன் மொத்த ஆட்தொகையில் ஒரு பங்குக்கு ஈடான சவூதிப் பிரசைகளை ஆண்டுதோறும் பயிற்றவேண்டும் என்று அவர்களின் தொழிற்சட்டம் விதித்தது. 6 சதவீதமாக இருந்த அந்தப் பங்கை 2015 திருத்தம் 12 ஆக்கியது. சட்டம் சொல்வது சவூதியரைப் பயிற்ற. பங்களாதேசிக்கோ வவுனியாக்காரனுக்கோ அதில் இடமில்லை.

பஹ்ரைன் இன்னும் ஒரு படி மேலே போனது. 2006இல் ‘தம்கீன்’ என்ற நிதியத்தை உருவாக்கி, வெளிநாட்டுத் தொழிலாளருக்கான அனுமதிக் கட்டணத்தில் பெரும்பகுதியை அதற்குள் செலுத்தி, அந்தப் பணத்தில் பஹ்ரைன் பிரசைகளுக்குப் பயிற்சி கொடுத்தது. கட்டணத்தைக் கட்டுவது முதலாளிதான். ஆனாலும் ஒரு வெளிநாட்டு ஹெல்பர் அங்கே இருப்பதால் வருகிற பணம் ஒரு உள்ளூர்ப் பிள்ளையின் படிப்புக்குப் போகிறது, அந்த ஹெல்பரின் படிப்புக்குப் போவதில்லை. ஒரு நாடு தன் பிள்ளைகளைப் பழக்குவதில் பிழை காண எனக்கு மனமில்லை. எங்களிடம் அப்படி ஒரு நாடு இருந்திருந்தால் நாங்களும் அதைத்தான் செய்திருப்போம். ஆனால் ‘வளைகுடாவில் பயிற்சி’ என்ற சொல் யாருக்காக உண்டாக்கப்பட்டது என்பதை ஊரில் இருக்கிற பையன்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மற்றவர்களுக்கு, அதாவது எங்களுக்கு, அங்கே இருப்பது சோதனை. வளைகுடா பழக்குவதில்லை, சோதித்து எடுக்கிறது. 2021 முதல் சவூதி அரேபியா கொண்டுவந்த திறன் சரிபார்ப்புத் திட்டம் இதை வெளிப்படையாகவே செய்கிறது. இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், இலங்கை போன்ற நாடுகளில் இருந்து வருபவர் விசாவுக்கு முன்பே தன் நாட்டில் எழுத்துச் சோதனையும் செய்முறைச் சோதனையும் எழுதிச் சித்தியடைய வேண்டும். முதலில் இதற்குள் கொண்டுவரப்பட்ட தொழில்களில் எலக்ரீசியனும் ஒன்று. பிளம்பர், வெல்டர், ஏசி மெக்கானிக், வாகன எலக்ரீசியன் ஆகியோரும் அந்த வரிசையில். இலங்கை 2023இல் இதில் இணைந்தது. மூன்று மாதத்தில் பழக்கி எலக்ரீசியனாக்குவோம் என்ற கதைக்கு சவூதியில் இனி வழியே இல்லை. எலக்ரீசியன் விசாவுக்குச் சோதனை கட்டாயம். சோதனை இல்லாமல் போகிறவன் வேறு பெயரில்தான் போகிறான்.

ஐக்கிய அரபு இராச்சியத்தில் கதை கொஞ்சம் நுட்பமானது. 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிற்சட்டம், 2021ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம், முதலாளியின் கடமைகளில் ஒன்றாகத் தொழிலாளரின் திறனை வளர்ப்பதையும் எழுதியிருக்கிறது. வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எத்தனை மணித்தியாலம், எந்தச் சான்றிதழ், யார் பரீட்சிப்பது என்ற வரையறை அதில் இல்லை. பாதுகாப்புத் தொப்பி போடச் சொல்லி அரை மணித்தியாலம் சைட்டில் நிற்கவைத்துப் பேசினாலும் ஒரு கம்பனி அதைப் பயிற்சி என்று சொல்லலாம்.

அதே நாட்டின் தொழில் அமைச்சு தொழில்களை ஒன்பது நிலைகளாகப் பிரிக்கிறது. முதல் ஐந்து நிலைகளில் இருப்பவர்களைத்தான் அது ‘திறன் மிக்கோர்’ என்று கணக்கெடுக்கும். அதற்குப் பாடசாலைக்கு மேற்பட்ட, உறுதிப்படுத்தப்பட்ட சான்றிதழும் குறைந்தது 4,000 திர்ஹம் சம்பளமும் வேண்டும். மின் தொழில்நுட்பவியலாளர் மூன்றாம் நிலை. கருவி பிடித்து வேலை செய்கிற எலக்ரீசியன் கைவினைஞருடன் ஏழாம் நிலை. ஹெல்பர் கடைசி, ஒன்பதாம் நிலை. ஐம்பது பேருக்கு மேற்பட்ட கம்பனிகள் தங்கள் திறன் மிக்க ஊழியர் எண்ணிக்கையில் வருடம் 2 சதவீதம் வீதம் எமிராட்டியரைக் கூட்டவேண்டும், தவறினால் தண்டப்பணம் என்ற விதியும் 2022 முதல் இருக்கிறது. கணக்குத் தெரிந்த முதலாளி ஒரு ஹெல்பரைப் பழக்கி, சான்றிதழ் எடுப்பித்து, மேல் நிலைக்கு ஏற்றினால் சம்பளமும் கூடும், எமிராட்டியரை எடுக்கவேண்டிய எண்ணிக்கையும் கூடும். ஏற்றாமல் விட்டால் இரண்டும் மிச்சம். நான் முதலாளிகளைக் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. கணக்கு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஐரோப்பாவில் பிள்ளை வளர்த்த எங்களுக்கு இது விளங்கக் கஷ்டமாக இருக்கும். ஏனென்றால் நாங்கள் பார்த்த உலகம் வேறு. சுவிசில் இருக்கும் எந்தத் தமிழ்க் குடும்பத்தைக் கேட்டாலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ‘லேரே’ தேடிய கதை சொல்வார்கள். ஐம்பது அறுபது விண்ணப்பம், இரண்டு மூன்று இடத்தில் ஒரு வாரம் போய் வேலை பார்ப்பது, பெயரைப் பார்த்தே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம், கடைசியில் ஒரு மின் நிறுவனம் கையெழுத்து வைத்த அன்று வீட்டில் கேசரி. எலெக்ட்ரோ இன்ஸ்ரலாத்தேர் ஆக நான்கு வருடம். ஜேர்மனியில் மூன்றரை வருடம். நோர்வேயில் பாடசாலையில் இரண்டு, பயிலுநராக இரண்டரை. ஒன்ராறியோவில் 9,000 மணித்தியாலம் என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். இந்த இடங்களில் எல்லாம் முதலாளி பழக்குகிறார், பழகும் காலத்தில் சம்பளமும் கொடுக்கிறார். அந்த நாடுகளில் முதலாளிகள் தருமவான்கள் என்பதால் அல்ல. சட்டம், தொழில் சங்கம், பாடசாலை மூன்றும் சேர்ந்து அவரைக் கட்டிப்போட்டிருக்கின்றன. தயாரான எலக்ரீசியனை நாளைக்கே இறக்குமதி செய்யவும் அவரால் முடியாது. பிரித்தானியாவில் அதுவும் போதாமல் 2017இல் ஒரு வரி போட்டார்கள். வருடத்துக்கு 30 இலட்சம் பவுணுக்கு மேல் சம்பளம் கொடுக்கும் நிறுவனம் 0.5 சதவீதத்தைப் பயிலுநர் பயிற்சிக்குக் கட்டவேண்டும்.

ஆகவே சூரிச்சில் இருக்கிற மாமாவுக்கு “கொம்பனி பழக்கும்” என்று கேட்டதும் தன் மகனின் லேரே ஞாபகம் வருகிறது. ‘நல்லதுதானே’ என்று காசை அனுப்பிவிடுகிறார். ஏஜென்சிக்காரருக்கு இது தெரியும்.

பொருளியலில் பழைய கணக்கு ஒன்று உண்டு. கேரி பெக்கர் 1960களில் எழுதியது. எந்த இடத்திலும் செல்லுபடியாகும் தொழிலை ஒரு முதலாளி தன் செலவில் பழக்கமாட்டார், பழகியவன் அடுத்த கடைக்கு ஓடிவிடுவான் என்பது அதன் சாரம். அப்படியென்றால் ஓடவே முடியாத இடத்தில், கஃபாலா முறையில் கட்டுண்டு கிடக்கும் வளைகுடாவில், முதலாளிகள் போட்டிபோட்டுப் பழக்கியிருக்க வேண்டும் அல்லவா? நடக்கவில்லை. ஐக்கிய அரபு இராச்சியம் 2011இல் ஒரு மாற்றம் செய்தது: ஒப்பந்தம் முடிந்தவர் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமலே வேறு இடம் மாறலாம். அந்த மாற்றத்தை ஆராய்ந்து நாயுடு, நியார்கோ, வாங் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, ஒப்பந்தம் முடிந்தவர்களின் வருமானம் 10 சதவீதத்துக்கு மேல் கூடியதைக் காட்டியது. வேறு சொல்லில், கட்டி வைத்திருந்த காலத்தில் அவ்வளவு குறைத்துக் கொடுத்திருக்கிறார்கள். கட்டுண்டவனுக்குப் பயிற்சியும் கிடைக்கவில்லை, நியாயமான சம்பளமும் கிடைக்கவில்லை. காரணம் எளிது. பழக்கிய ஆளே திருச்சியில் இருந்தும் டாக்காவில் இருந்தும் விமானத்தில் வந்து இறங்கும்போது, பழக்குவதற்கு ஒருவர் ஏன் செலவழிக்க வேண்டும்? பழக்கிய செலவு அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனுடையது, அல்லது அவனுடைய ஊர் அரசாங்கத்தினுடையது.

இந்தியா இதை விளங்கிக்கொண்டு தன் பக்கத்தில் ஒழுங்கு செய்ய முயல்கிறது. அங்கே 1961ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டம் உண்டு. இப்போதைய விதிப்படி 30 பேருக்கு மேல் உள்ள நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை பயிலுநர்களை வைத்திருக்கவேண்டும். ஐடிஐயில் எலக்ரீசியன் படிப்பு இரண்டு வருடம். 2022 மார்ச்சில் டுபாய் எக்ஸ்போவில் ‘தேஜஸ்’ என்ற திட்டத்தை அறிவித்தார்கள், எமிரேட்ஸ் வேலைகளுக்கென்றே ஆட்களைப் பழக்கி அனுப்ப. பழக்குகிற முதலாளி என்று பெயர் சொல்லக்கூடிய ஒருவரும் அங்கே இருக்கிறார். எல் அண்ட் ரி நிறுவனம் 1995 முதல் சென்னையில் கட்டுமானத் தொழிற்பயிற்சி நிலையம் நடத்துகிறது. கட்டணம் இல்லை, பழகும் காலத்தில் உதவிப்பணம் உண்டு. வளைகுடாவிலும் பெரிய பெரிய வேலைகளைச் செய்யும் நிறுவனம் அது. கவனியுங்கள், அதுகூடப் பழக்குவது சென்னையிலும் காஞ்சிபுரத்திலும். பழகிய பிறகுதான் கடல் கடப்பது.

(தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் பிறந்து வளர்ந்த எங்கள் பிள்ளைகள் பலர் வயரிங்கும் பெயின்ட் வேலையும் நன்றாகத் தெரிந்தவர்கள். ஐடிஐ சான்றிதழ் வைத்திருப்பவர்களும் உண்டு. கடவுச்சீட்டு இல்லாததால் அவர்களுக்கு டுபாய் கதவு திறப்பதே இல்லை. தொழில் இருக்கிறவனுக்குத் தாள் இல்லை, தாள் இருக்கிறவனுக்குத் தொழில் இல்லை. இது தனியே எழுதவேண்டிய விடயம்.)

ஹெல்பராகப் போய்த் தொழில் பழகி மேலே வந்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள், நிறையப் பேர். ஹெல்பர், அசிஸ்டன்ட், எலக்ரீசியன், சார்ஜ்ஹேன்ட், போர்மன் என்று ஏறிய எம்மவரை எனக்கே தெரியும். அது முழுக்க ஒரு நல்ல போர்மன் வாய்ப்பதைப் பொறுத்தது, என் மலையாளி போர்மனைப் போல. மேன்பவர் சப்ளை கம்பனி வழியாகப் போனால் அந்த வாய்ப்பும் குறைவு. இன்று ஒரு சைட், அடுத்த மாதம் வேறு சைட், போர்மன் உங்கள் பெயரைக் கற்றுக்கொள்வதற்குள் பஸ் ஏற்றிவிடுவார்கள். வேலை கையில் வந்தாலும் தாளில் ஏறாது.

தாளில் ஏறாதது சம்பளத்தோடு மட்டும் நிற்பதில்லை. மின்வேலை உயிரோடு விளையாடுவது. மின்னை எங்கே துண்டிப்பது, துண்டித்த சுவிச்சைப் பூட்டுவது எப்படி, கை வைக்குமுன் மீற்றரால் பார்ப்பது எப்படி என்று ஒழுங்காகப் பழகாத ஒருவன் அவசரத்தில் எலக்ரீசியன் வேலைக்கு இறக்கப்படுகிறான். விபத்து நடந்தால்? ஐக்கிய அரபு இராச்சியச் சட்டப்படி வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 24 மாத அடிப்படைச் சம்பளம் நட்டஈடு. குறைந்தது 18,000 திர்ஹம், கூடியது 2,00,000. ஹெல்பர் தாளில் அடிப்படைச் சம்பளம் 800 திர்ஹம் என்று இருந்தால் அந்தக் கணக்கு 19,200இல் நிற்கும். எலக்ரீசியன் என்று 1,500 எழுதியிருந்தால் 36,000. ஒரே மின்பெட்டி, ஒரே விபத்து. அவன் உண்மையில் செய்த வேலையை யாரும் பார்ப்பதில்லை, தாளில் உள்ள சொல்லைப் பார்ப்பார்கள்.

மருமகனிடம் நான் முதலில் கேட்டது இதுதான்: “தம்பி, ஓஃபர் லெட்டரிலை என்ன வேலை எண்டு கிடக்கு?” அவன் பார்க்கவில்லை. ஏஜென்சியில் காட்டவில்லையாம். 2016 முதல் அந்த நாட்டில் விதி இருக்கிறது: வேலை அனுமதி எடுக்குமுன், அமைச்சின் மாதிரிப் படிவத்தில் வேலை, சம்பளம், நிபந்தனை எல்லாம் எழுதி, தொழிலாளிக்கு விளங்கும் மொழியில் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டும். அந்தப் படிவம் வரும் மொழிகளில் தமிழும் ஒன்று. பின்னர் ஒப்பந்தத்தில் அதைக் குறைத்து எழுதக் கூடாது. ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ சுற்றிவளைத்தோ அறவிடக் கூடாது என்று புதிய சட்டத்தின் ஆறாம் பிரிவு சொல்கிறது. அந்த ஆறு இலட்சத்தில் எவ்வளவு நியாயமானது என்று கொழும்பில் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து, அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரமும் அந்த வேலைக்கு ‘ஜொப் ஓடரும்’ இருக்கிறதா என்றும் கேட்கச் சொன்னேன். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றலாம் என்று யாராவது சொன்னால் அந்தக் கதவால் திரும்பி வரச் சொன்னேன்.

மூன்று நாள் கழித்துத் தாள் வந்தது. ‘ஜெனரல் ஹெல்பர்’. எலக்ரிக்கல் என்ற சொல்கூட இல்லை.

சரி, போகவேண்டாம் என்று சொல்வது சுலபம். ஊரில் யார் பழக்குவார்கள்? உண்மையான சிக்கல் இங்கேதான்.

ஒரு காலத்தில் வடக்கில் பழக்குவதற்கு இடம் இருந்தது. காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் தொடங்கியது. பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை. பெரிய மோட்டார்கள், பெரிய சுவிச் அறைகள், பழைய கைகள். அங்கே கை பழகி வந்தவர்கள் எழுபதுகளின் நடுவில் வளைகுடா திறந்தபோது முதல் ஆட்களாய்ப் போனார்கள். எங்கள் ஊரில் குவைத் போன முதல் ஆள் அங்கிருந்த ஒரு மின்னியலாளர்தான். அவரை யாரும் ஹெல்பர் என்று கூட்டிப்போகவில்லை. 1971இல் தேசிய பயிலுநர் சட்டம் வந்தது. அதன் வழிவந்ததுதான் இன்று ‘நைட்டா’ என்று அழைக்கப்படும் பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை. சட்டம் இருந்தது, தொழிற்சாலைகள் போரோடு போய்விட்டன. பயிலுநரை அனுப்ப அலுவலகம் உண்டு, எடுத்துக்கொள்ள முதலாளி இல்லை.

இப்போது இருப்பது என்ன? கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. மின்தொழில்நுட்பம் அங்கே ஒரு துறை. நல்ல கருவிகள், தேசிய தொழிற் தகைமை என்கிற என்.வி.கியூ. சான்றிதழ். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி, மாவட்டங்களில் தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையங்கள். என் மருமகன் வீட்டில் இருந்து அறிவியல் நகருக்கு பஸ்ஸில் போகும் தூரம். டுபாய்க்கு ஆறு இலட்சம் தேடிய வீட்டில் அங்கே ஒரு விண்ணப்பப் படிவம் எடுக்க ஒருவரும் போகவில்லை. அதற்கு அவர்களை மட்டும் குறைசொல்ல முடியாது. படிப்பு முடிந்ததும் தொழிலகப் பயிற்சிக்கு ஒரு முதலாளி வேண்டும். பெரிய நிறுவனங்கள் கொழும்பையும் கம்பஹாவையும் சுற்றித்தான். அங்கே அறை வாடகை, சாப்பாடு, சிங்களம். உதவிப்பணம் அதற்குப் போதாது. இடையில் விட்டுவிட்டு வருகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் வருகிறார்கள். நாங்கள் அனுப்பக்கூடிய மூன்று இலட்சம் பயன்படவேண்டிய இடம் அதுவென்று எனக்குப் படுகிறது: ஒரு பையனை ஆறு மாதமோ ஒரு வருடமோ கொழும்பில் தாக்குப்பிடிக்க வைக்க. அதற்கு ஏஜென்சிக்குக் கொடுப்பதில் பாதி போதும்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. வடக்கில் இன்று பெரிய கட்டடம் கட்டுவது யார்? நாங்கள்தான். திருமண மண்டபம், மூன்று மாடி வீடு, ஹோட்டல், கோயில் திருப்பணி. ஒரு மண்டபத்துக்கு வரும் மின்வேலை சாதாரணமானதல்ல: மூன்று பேஸ் இணைப்பு, ஜெனரேற்றர் மாற்று சுவிச், ஏசி, மின்னல் காப்பு. அந்த வேலையை எடுக்கிற வயரிங் பாஸ் ஒருவருக்கு, ‘என்.வி.கியூ. படிக்கிற இரண்டு பையன்களைப் பயிலுநராகப் பதிந்து இந்த வேலையில் சேர்த்தால்தான் ஒப்பந்தம்’ என்று எங்களில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? டைல்ஸ் நிறத்துக்கு வாட்ஸ்அப்பில் இருபது படம் அனுப்புகிறோம். பழக்குகிற முதலாளி இல்லை என்று சொல்கிறபோது, காசு கொடுக்கிற முதலாளி நாங்களாக இருப்பதை மறந்துவிடுகிறோம். சுவிசில் எங்கள் பிள்ளைக்குக் கையெழுத்து வைத்தவர் அந்த ஊர் மின்கடைக்காரர். கிளிநொச்சியில் அந்தக் கடைக்காரருக்கு வேலை கொடுப்பவர் யார் என்று பார்த்தால் கடைசியில் எங்களிடம்தான் வந்து நிற்கிறது.

ஏற்கனவே வளைகுடாவில் ஹெல்பர் தாளுடன் எலக்ரீசியன் வேலை செய்துகொண்டிருக்கும் உறவினர் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அதிகம் பேருக்குத் தெரியாது. வேலையில் பழகியதை மதிப்பிட்டு என்.வி.கியூ. கொடுக்கும் முறை இலங்கையில் இருக்கிறது. நைட்டா அந்த மதிப்பீட்டைச் செய்கிறது. வகுப்புக்குப் போகத் தேவையில்லை. செய்த வேலைகளின் படம், சைட் பெயர், திகதி, போர்மன் எழுதிக்கொடுத்த ஒரு வரி என்று சேர்த்து வைத்து, விடுமுறைக்கு வரும்போது மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அடுத்த ஒப்பந்தத்தில் என்ன வேலை என்று எழுதப்படும்போது அந்தச் சான்றிதழ் பேசும். ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். எனக்கு எண்பதுகளில் அப்படி ஒருவர் சொல்லியிருந்தால் அந்த சிகரெட் பெட்டி அட்டைகளையாவது எறியாமல் வைத்திருப்பேன்.

மருமகனோடு இரண்டு வாரம் வாக்குவாதம். “மாமா, என்ரை வயசுப் பெடியள் எல்லாம் போட்டாங்கள்” என்றான். அக்கா அழுதா. வயது பத்தொன்பது என்பதையும் வீட்டில் கடன் இருப்பதையும் நானும் மறக்கவில்லை. ஒரு வருடம் வருமானம் இல்லாமல் இருப்பது அந்த வீட்டுக்கு எவ்வளவு பாரம் என்று இங்கே ஹீற்றர் பக்கத்தில் இருந்துகொண்டு சொல்வது எனக்கும் கூச்சமாக இருந்தது. கடைசியில், மாதம் ஒரு தொகை அனுப்புவது, நகை வங்கிக்குப் போவதில்லை என்று முடிவானது. அறிவியல் நகர்ப் படிவத்தை நிரப்பிவிட்டான். நேர்முகம் இன்னும் வரவில்லை. அதுவரை பரந்தன் சந்தியில் ஒரு வயரிங் பாஸோடு போகிறான். நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தான், அவன் கட்டிய முதல் டிபி பெட்டி. எர்த் வயரை வடிவாக மடித்து விட்டிருந்தான். நியூட்ரல் இரண்டு மாறிக் கிடந்தது. பாஸ் கண்டுபிடித்துக் கழற்றித் திரும்பக் கட்டவைத்தாராம்.